ஜிப்சி பிளாக்கில் பலேனோ கிராங்க்: பிஸ்டன் வெளியே நீட்டுகிறது

மாருதி பலேனோவின் கிராங்கை (பிஸ்டனை மேலும் கீழும் இயக்கும் தண்டு) மட்டும் எடுத்து மாருதி ஜிப்சியின் பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) போடாதீர்கள். பிஸ்டன் பிளாக்குக்கு வெளியே நீட்டுவதை, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த கேஸ்கெட் வைத்துச் சரிசெய்யலாம் என்று கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் சொன்னார்கள்; அதனால் இது தீராது.

ஜிப்சி 1.3 எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75.5 மி.மீ., பழைய பலேனோ 1.6-இன் ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்பதால், ராடும் (பிஸ்டனைக் கிராங்குடன் இணைப்பது) பிஸ்டனும் ஜிப்சியுடையவையாகவே இருந்தால், வித்தியாசத்தில் பாதியான 7.25 மி.மீ. அளவுக்குப் பிஸ்டன் கூடுதலாக மேலேறும். பலேனோவின் பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் நான்கையும் ஒன்றாக எடுப்பதே பாதுகாப்பு.

வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பதை உறுதிசெய்ய, பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டையும் டைமிங் பெல்ட்டையும் மாட்டியபின், கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள். எங்கேனும் தடுத்தால் வலிந்து திருப்பாதீர்கள்.

எஞ்சினை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் தேவை, ஆர்.சி.யில் புதிய எண் ஏறும்வரை வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டாம்.