வெற்று செக் கொடுத்தேன். நாலு லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: ஐயா, தாலுகா ஊர் ஒன்றில் இட்லிக் கடை நடத்துகிறேன். கணவர் இல்லை. 2022-ல் ஒருவரிடம் 60,000 ரூபாய் கடன் வாங்கியபோது, கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கை வாங்கிக்கொண்டார். வாரா வாரம் கட்டிவந்தேன். பாதி ரொக்கம், பாதி ஜிபே. இப்போது ஒரு செக்கில் நாலு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டிருக்கிறார். பணமில்லை என்று திரும்பியதும் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். அது கைக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? வக்கீல் வைக்க வசதி இல்லை.

பதில்: முதலில் நோட்டீஸுக்குப் பதில் போடுங்கள் அம்மா, இந்த வாரமே. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டில் புகார் போடலாம். போலீஸ் வந்து பிடித்துப்போகிற வழக்கு அல்ல இது; சம்மன் வரும், ஜாமீன் உண்டு. தண்டனை அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தக் கட்டத்திலும் சமாதானம் பேசலாம்.

பதில் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று சும்மா இருந்துவிடுபவர்கள்தான் அதிகம். ரங்கப்பா வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம், பதில் போடாததையே செக் கொடுத்தவருக்குப் பாதகமாக எடுத்துக்கொண்டது.

பதிலில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். 'என் கையெழுத்தே இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். யாராவது அப்படி எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த ஒரு பொய் போதும், மீதி உண்மையும் எடுபடாது. 'நான் நிரப்பவில்லை' என்பதும் தனியாக உதவாது. விரும்பிக் கொடுத்த வெற்று செக்காக இருந்தாலும் கடனுக்குக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மை எப்போதையது என்று சோதிக்க மனுப் போட்டுக் காசைக் கரைக்கவும் வேண்டாம்.

அந்த அனுமானத்தை உடைக்கலாம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கம் நம்பத்தக்கதாக இருந்தால் போதும். ஜிபே பணம் போன கணக்குக்கு 2022 முதல் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். வசூலுக்கு வந்தவர் குறித்துக்கொடுத்த அட்டை, நோட்டு எதுவானாலும் எடுத்துவையுங்கள். அடுத்தது செக் நம்பர். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அதுதான். அந்த செக் புக் எப்போது கொடுக்கப்பட்டது, முன்னும் பின்னும் உள்ள தாள்கள் எந்தத் தேதியில் பணமாயின என்று வங்கி எழுதித் தந்தால், போன மாதம் கொடுத்த செக் என்று அவர் கதை சொன்னாலும் அது குறுக்கு விசாரணையில் நிற்காது. நாலு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன் என்பாரானால், அந்தப் பணம் அவரிடம் எப்படி வந்தது என்றும் கேட்கலாம். கடனில் ஒரு பகுதி அடைந்தபின் அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால், செக் கொடுத்தவர் மேல் குற்றம் ஆகாது என்று 2022-ல் ஒரு தீர்ப்பும் இருக்கிறது.

இன்னொரு செக் அவரிடமே இருக்கிறதே! அதன் நம்பரை எழுதி, திருப்பிக் கேட்டதாகப் பதிலிலேயே பதிவு செய்யுங்கள். கணக்கை மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கும் இதே வழக்குதான்.

வட்டி அநியாயமாக இருந்தால் 2003-ம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அது தனி. செக் வழக்கு அதற்காக நிற்காது.

வக்கீல் செலவு உங்களுக்கு இல்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஊர் கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில், நோட்டீஸையும் ஆதாரையும் கொண்டுபோய் மனுக் கொடுங்கள்.

உண்மையிலேயே பாக்கி இருந்தால் பேசி முடியுங்கள், ஆனால் புது புரோநோட்டோ செக்கோ எழுதிக் கொடுக்காதீர்கள். சம்மன் வந்தால் முதல் வாய்தாவுக்கு நேரில் போய்விடுங்கள். போகாவிட்டால் பிடிவாரண்டு வரும்.