எதில் பாதி?

கேள்வி: எனக்கு 41 வயது. பறவைகளைப் படம் எடுப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. ஏப்ரல் லீவில் அம்மா, மனைவி, மகளோடு வால்பாறை போனோம். எஸ்டேட் ரோட்டோர மரத்தில் ஒரு இருவாச்சிக் கூடு. ஆண் பறவை இரை கொண்டுவரும் என்று காத்திருந்தேன். காரில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் படபடப்பு வந்ததால் பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, 'இனி உங்ககூட எங்கேயும் வரமாட்டேன்' என்கிறாள் மனைவி. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
— ஈரோடு வாசகர்

பதில்: அவருக்குப் புரியாதது எதுவும் இல்லை. கேமரா, பைக், கிரிக்கெட் என்று பெயர்தான் மாறும்; இந்தக் கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது. அதை விடுங்கள். 'பாதியில்' என்கிறீர்களே, எதில் பாதி?

உங்கள் அம்மா ஏன் காரில் வைத்து ஊசி போட்டார்? சாப்பாடு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் யாரும் இன்சுலினைத் தொடமாட்டார்கள். 'அஞ்சு நிமிஷம்மா, இதோ கிளம்பிடலாம்' என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மகன் பேச்சை நம்பிக் குத்திக்கொண்டார். அரைமணி நேரத்துக்குள் இரண்டு இட்லியாவது உள்ளே போகாவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நினைவே தப்பலாம். அதைத்தான் 'படபடப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்த நேரத்தில் அவர் வாயில் இனிப்பைப் போட்டது யார்? கடிதத்தில் இல்லை. உங்கள் மனைவியாகத்தான் இருக்கும்.

நீங்கள் காத்திருந்தது எதற்கு? இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு இடுக்கு மட்டும் இருக்கும். மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழத்தைத் தொண்டையில் சுமந்துவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். அதைப் படம் பிடிக்க நீங்கள் நின்றீர்கள். பெற்றவர் பின்னால் காரில் பசியோடு இருந்தார். (கூட்டுக்கு எதிரே ஆள் நின்றால் அந்த ஆணும் கிட்டே வரத் தயங்கும். ஆக, அங்கேயும் பட்டினி போட்டிருக்கிறீர்கள்.)

பெற்றவளுக்கு வேளைக்குச் சோறு போட்ட பிறகுதான் கலையெல்லாம் என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன்.

கேமராவை விற்கச் சொல்லவில்லை. பறவைக்குக் காலை வெளிச்சம்தான் சரி, ஒன்பதைத் தாண்டினால் வெயில் வெளுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். குடும்பத்தோடு போகும்போது விடிந்ததும் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே யானையும் சிறுத்தையும் உண்டு. எட்டு மணிக்கு முன்னால் டிபனோடு அறையில் இருக்க வேண்டும். அப்புறம் அன்று முழுக்கக் கேமராப் பையைத் திறக்கக் கூடாது. பறவைக்காகவே போக ஆசை என்றால் வருஷத்தில் இரண்டு தடவை நண்பர்களோடு போய்வாருங்கள்.

மனைவியிடம் இப்போதைக்கு எதையும் விளக்க வேண்டாம். அன்று எத்தனை மணிக்கு ஊசி போட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும்.