தேன் மதுவில் ஈஸ்ட்டுக்குச் சத்தாகக் காட்டுக் கீரை போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார், கெலுலுட் என்ற கொடுக்கில்லாத தேனீயின் தேனில் 5 லிட்டர் தேன் மது போட்டிருக்கிறார், சில நாளிலேயே நுரை அடங்கி அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. ஐரோப்பாவில் நெட்டில் என்ற அரிக்கும் செடியை ஈஸ்ட்டுக்குச் சத்தாகப் போடுவார்கள் என்று படித்திருக்கிறார். அதே மாதிரி வீட்டுக்குப் பின்னால் வளரும் முருங்கை, முள்ளுக்கீரை, மரவள்ளிக் கொழுந்து இவற்றைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றலாமா என்பது கேள்வி.

மரவள்ளிக் கொழுந்து வேண்டவே வேண்டாம். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த இலையில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் இருக்கின்றன. நம் வீடுகளில் மரவள்ளிக் கொழுந்து சமைப்பவர்கள் முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? விஷம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால்தான். நீங்கள் செய்ய நினைப்பது நேர் எதிர்: இலையை எறிந்துவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்வது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் பினாங்குக்காரன். இதை எல்லாம் கற்றது பெர்த்தில் வேலை பார்த்த காலத்தில். அங்கே சொந்த உபயோகத்துக்கு பீர், ஒயின் போட உரிமம் தேவையில்லை. சாராயம் காய்ச்சி வடிப்பதற்குத்தான் தடை. இங்கே அப்படி இல்லை, மலேசியாவில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். அதனால் ஊர் திரும்பிய பிறகு நான் இஞ்சிப் பானத்தோடு நிறுத்திக்கொண்டேன். நீங்களும் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஈஸ்ட் பற்றிய விஷயங்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சரி, கீரைக்கு வருவோம். உங்கள் யோசனை பார்ப்பதற்கு மிகச் சரியாகத்தான் தெரிகிறது, அதனால்தான் இது இத்தனை பேரை இழுக்கிறது. ஈஸ்ட்டுக்கு வேண்டியது நைட்ரஜன், அது தீர்ந்துபோனால்தான் அந்த முட்டை வாடை. தேனில் அது மிகக் குறைவு, தண்ணீர் கலந்த பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம்கூடத் தேறாது. 12 சதவீதம் ஆல்கஹால் வரை போகிற ஒரு தேன் மதுவுக்கு லிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. இப்போது முருங்கையைப் பாருங்கள். 100 கிராம் பச்சை இலையில் 9 கிராமுக்கு மேல் புரதம், புரதத்தை 6.25ஆல் வகுத்தால் நைட்ரஜன் கணக்கு வரும், சுமார் 1.5 கிராம். அதை 5 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 300 மில்லிகிராம்! காகிதத்தில் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆனால் அந்த நைட்ரஜன் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாம். நாம் பயன்படுத்தும் ஈஸ்ட் எடுத்துக்கொள்வது அம்மோனியத்தையும், தனித்தனியாகப் பிரிந்த அமினோ அமிலங்களையும், மிஞ்சினால் இரண்டு மூன்று அமினோ அமிலம் சேர்ந்த குட்டித் துண்டுகளையும்தான். முழுப் புரதத்தை வெளியில் வைத்து உடைத்துத் தின்கிற வேலையை அது பெரும்பாலும் செய்வதில்லை. பசியோடு வந்தவர் முன்னால் ஒரு மூட்டை நெல்லை அவிழ்த்து வைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்வது போன்றது அது. அது மட்டுமில்லை, இலையைக் கொதிக்க வைத்தால் புரதத்தில் பெரும்பகுதி வெந்து இலையிலேயே இறுகிப்போகும், தண்ணீருக்கு வருவதே கொஞ்சம்தான்.

முள்ளுக்கீரை, தண்டுக்கீரை, காங்கோங் என்கிற வள்ளைக்கீரை எல்லாவற்றுக்கும் இன்னொரு குணம் உண்டு. மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டைத் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால் அது சுலபமாகத் தண்ணீரில் இறங்கும், சோதனைப் பட்டை வைத்துப் பார்த்தால் நைட்ரஜன் நிறைய இருப்பதாகக்கூடத் தோன்றும். ஆனால் மது ஈஸ்ட்டுக்கு நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தெரியாது, அதற்கு வேண்டிய நொதி அதனிடம் இல்லை. பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் வகையில் சிலவற்றுக்கு அது முடியும், அது மதுவில் குதிரைக் கொட்டகை வாடை கொண்டுவருகிற வகை. ஆக நீங்கள் ஊற்றும் கீரைத் தண்ணீர், உங்களுக்கு வேண்டியதைப் பட்டினி போட்டுவிட்டு வேண்டாததற்கு விருந்து வைக்கலாம். இந்தக் கீரைகளிலும் புளியாரை, பருப்புக்கீரையிலும் ஆக்ஸாலிக் அமிலமும் நிறைய உண்டு. அதுவும் தண்ணீரில்தான் இறங்கும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நெட்டில் கதை பொய்யா? பொய் இல்லை. பெர்த்தில் குளிர்காலத்தில் வீட்டுக் கொல்லையில் சின்ன நெட்டில் களையாக முளைக்கும். நான் ஒரே தேன் கரைசலை இரண்டாகப் பிரித்து ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் நெட்டில் கொதித்த தண்ணீர் என்று போட்டுப் பார்த்தேன். நெட்டில் போட்டது கொஞ்சம் சீராக நொதித்தது, உண்மை. ஆனால் கடையில் வாங்கிய ஈஸ்ட் சத்துப் பொடி போட்டு நான் வழக்கமாகச் செய்யும் ஜாடிகளுக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை, முட்டை வாடையும் முழுதாகப் போகவில்லை. இங்கிலாந்தில் நெட்டில் பீர் என்று ஒன்று பழங்காலம் முதல் உண்டு, அது பெரும்பாலும் சர்க்கரை போட்டுச் சில நாளில் குடித்துவிடுகிற லேசான பானம். அந்த அளவு ஆல்கஹாலுக்கு ஈஸ்ட் அவ்வளவு சத்துக் கேட்காது. 12 சதவீதத் தேன் மதுவுக்கு அதே வழி போதாது.

அந்தச் சிறு முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் கணிப்பு, நைட்ரஜனிலிருந்து குறைவு, பொட்டாசியம், மெக்னீசியத்திலிருந்து அதிகம். கீரையைக் கொதிக்க வைத்தால் இவை நன்றாகத் தண்ணீருக்கு வரும், தேனில் இவை குறைவு. தேன் கரைசலில் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகளும் கிடையாது, அதனால் நொதிக்க ஆரம்பித்ததும் பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சடசடவென்று இறங்கும், 3க்குக் கீழே போனால் ஈஸ்ட் தள்ளாட ஆரம்பிக்கும். உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். கெலுலுட் தேன் பிறவியிலேயே புளிப்பு. 2017இல் வந்த மலேசியத் தரவிதியிலேயே அதன் பிஎச் 2.5 முதல் 3.8 வரை என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து மது போடுவது, ஈஸ்ட்டைப் பாதி வழியில் சோர்ந்த இடத்திலிருந்து ஓடச் சொல்வதுதான். கீரையைத் தேடும் முன் ஒரு பிஎச் பட்டை வாங்கிப் பாருங்கள். 3.2க்குக் கீழே இருந்தால் உணவுத் தர பொட்டாசியம் பைகார்பனேட்டை 5 லிட்டருக்கு 1 கிராம் என்று கரைத்து ஊற்றி, கலக்கி, மறுபடி அளந்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் போடலாம்.

நம் ஊர்ப் பானங்களில் கள்ளுக்கு யாரும் சத்து என்று எதையும் போட்டதில்லை. பாளையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே அது பொங்கும். தென்னம்பாளைச் சாற்றில் சர்க்கரையோடு பிரிந்த அமினோ அமிலங்களும் இருக்கின்றன, ஈஸ்ட்டுக்குச் சமைத்து வைத்த சாப்பாடு. பார்லி மால்ட்டும் அப்படித்தான்: தானியம் முளைக்கும்போது தன் புரதத்தைத் தானே உடைத்துக்கொள்கிறது. அதனால்தான் மால்ட் மட்டும் வைத்து பீர் போடுபவர்கள் நைட்ரஜனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, துத்தநாகம் மாதிரி ஏதாவது ஒன்றைத்தான் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

செடியிலிருந்துதான் சத்து எடுக்க வேண்டும் என்று மனம் இருந்தால், இலையை விட்டுவிட்டு முளைக்குப் போங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. தௌகே இருக்கிறதே, பசாரில் ஒரு ரிங்கிட்டுக்குக் கை நிறையக் கிடைக்கும் பச்சைப்பயறு முளை, அதில் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் பிரிந்த நிலையில் நிறைய இருக்கிறது, ஈஸ்ட்டுக்கு அது பிடித்த சாப்பாடு. இந்தோனேசிய ஆய்வுக்கூடங்களில் 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் தௌகே கொதிக்க வைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து ஈஸ்ட்டும் பூஞ்சையும் வளர்க்கிறார்கள். நான் இஞ்சிப் பானத்துக்கு அதே அளவில்தான் செய்கிறேன். வெறும் இஞ்சியும் சர்க்கரையுமாக இருந்தால் சோம்பிக் கிடக்கும் ஜாடி, தௌகேத் தண்ணீர் சேர்ந்தால் துடிப்பாக வேலை செய்கிறது. லேசான பச்சை வாடை முதலில் தெரியும், இஞ்சியில் மறைந்துவிடும். தேன் மதுவில் எவ்வளவு மறையும் என்பது தேனைப் பொறுத்தது. ஆனால் இது அடுத்த ஜாடிக்குத்தான். தண்ணீரில் ஒரு பகுதியையே தௌகேத் தண்ணீராக ஆரம்பத்தில் எடுக்க வேண்டும், பாதியில் ஊற்றினால் மது நீர்த்துப்போகும்.

இப்போது கையில் இருக்கிற ஜாடிக்கு, பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட்டே நல்ல மருந்து. இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட்டைக் கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆறவைத்து ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்ட்டுக்கு அமினோ அமிலமும் வைட்டமினும் தருகிறது, நொதித்தலைத் தடுக்கும் சில கொழுப்பு அமிலங்களையும் அதன் தோல் ஒட்டி இழுத்துக்கொள்ளும். சிலர் மார்மைட் போடுவார்கள். அதுவும் ஈஸ்ட் சாறுதான், வேலை செய்யும், ஆனால் அந்தச் சுவை மெல்லிய தேன் மதுவில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

டி.ஏ.பி என்று சொல்கிற டைஅம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் தருகிற உப்பு, பலமானது. லிட்டருக்கு 1 கிராம் போட்டாலே 210 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்கும், அதற்கு மேல் போட வேண்டாம். ஆனால் உணவுத் தரமானதை மட்டும் வாங்குங்கள், நர்சரியில் உரமாக விற்கும் டி.ஏ.பி வேண்டாம். யூரியாவும் அறவே கூடாது. அது ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் ஆகிறது, புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள், ஒயின் செய்பவர்கள் ஒருகாலத்தில் போட்டுவந்து பிறகு கைவிட்டது இதனால்தான்.

கீரை பறிக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மதுவுக்கு இல்லாவிட்டாலும் சமையலுக்காவது. என் அத்தை நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்த்தார். மரத்தடியில் எவ்வளவு தளதளவென்று கீரை இருந்தாலும் எங்களைத் தொட விடமாட்டார். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை, ஆனால் களைக்கொல்லி அடிப்பது நின்றுவிடவில்லை. சாலை ஓரம், மின்கம்பத்துக்கு அடியில், வாய்க்கால் கரை, இங்கெல்லாம் வெட்டுவதற்குப் பதில் மருந்து அடிப்பவர்கள் உண்டு. கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் கொல்லையில், உங்கள் கையால் வளர்ந்தது மட்டும்தான்.

இப்போது உங்கள் ஜாடி. சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே தீர்ந்திருந்தால் டி.ஏ.பி வேண்டாம், கொதித்த ஈஸ்ட் மட்டும் போதும். ஆல்கஹால் ஏற ஏற, 9 சதவீதம் வாக்கில், ஈஸ்ட் அம்மோனியத்தை உள்ளே எடுப்பதையே விட்டுவிடும், மிச்சம் மதுவிலேயே தங்கும். அடுத்த முறை போடும்போது சத்தை மொத்தமாகக் கொட்டாமல் முதல் மூன்று நாளும் கொஞ்சம், மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை தீர்ந்ததும் கொஞ்சம் என்று பிரித்துப் போடுங்கள்.

சூடும் ஒரு காரணமாக இருக்கலாம். கோலாலம்பூர் வீட்டுக்குள் 30 டிகிரி சாதாரணம், ஒயின் ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்கு 18 முதல் 22 டிகிரிதான் வசதி. சூட்டில் ஈஸ்ட் அவசரமாகப் பெருகி, இருக்கிற கொஞ்ச நைட்ரஜனையும் சீக்கிரம் தீர்த்துவிடும், அதற்குப் பிறகுதான் அந்த முட்டை வாடை. ஈரத்துணி சுற்றுகிற உபாயம் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அதிகம் உதவாது. ஜாடியைப் பெரிய வாளித் தண்ணீரில் இறக்கி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் இரவும் மாற்றுங்கள்.

சத்துப் போடுவதற்கு முன் ஜாடியை மெதுவாகக் கலக்கிக் கரைந்த வாயுவை வெளியேற்றுங்கள், வாடையில் பாதி அப்போதே போகும். பொடியை நேராகத் தூவாமல் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், இல்லையென்றால் நுரை, வாயுவை மட்டும் வெளியே விடும் மூடியான ஏர்லாக்கைத் தள்ளிக்கொண்டு மேசை முழுக்க வழியும்.