மாதாமாதம் சுருண்டு படுக்கும் மகள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு 19 வயது. தூரமானால் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள், வாந்தியும் வருகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது. கல்யாணம் ஆனால் சரியாகும் என்கிறார்கள். கல்யாணமாகாத பெண்ணைப் பெண்கள் டாக்டரிடம் கூட்டிப் போனால் ஊர் என்ன பேசும்?

மருத்துவர் பதில்: ஊர் பேசட்டும் அம்மா, நீங்கள் கூட்டிப் போங்கள். முதல் நாள் லேசாக இழுத்துப் பிடிப்பது சகஜம். மாதாமாதம் கல்லூரிக்கே போகமுடியாமல் படுக்கவைக்கும் வலி சகஜம் இல்லை.

எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்சுவரைப் போன்ற திசு அதற்கு வெளியே, சினைப்பையிலோ குடலை ஒட்டியோ வளர்வதுதான் அது. அங்கே வீங்கிப் புண்ணாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில், மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இது உண்டு. சினைப்பையில் கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். சின்னச் சின்னத் திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. அதனால் ஸ்கேன் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று விட்டுவிட முடியாது.

'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். பல வீடுகளில் அந்த ஒரு வார்த்தையாலேயே வைத்தியம் தள்ளிப்போகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரில் தூரமான நாள், வலித்த நாள், லீவு போட்ட நாள் எல்லாவற்றையும் அவளையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் சிறுநீர் போகும்போதும் வலிக்கிறதா என்று டாக்டர் கேட்பார். என் அறையில் இதைக் கேட்டதும் பெண் தலைகுனிவாள், அம்மா கதவைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இல்லைங்க டாக்டர்" என்பார். அம்மா வெளியே போனபிறகு, "வலிக்குது" என்று மெதுவாக வரும். உங்கள் மகளைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிடுங்கள்.

கல்யாணமாகாத பெண் என்பதால் உள்பரிசோதனைக்குப் பயப்படவேண்டாம். வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுக்கலாம், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. அறிகுறிகளை வைத்தே மாத்திரை தொடங்குவதும் உண்டு. மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்டுவிட்டு, வலி தொடங்கும்போதே போடவேண்டும். முற்றியபின் போட்டால் அவ்வளவாகக் கேட்காது. அதற்கும் அடங்காவிட்டால் ஹார்மோன் மாத்திரை தருவார்கள். கருத்தடை மாத்திரையாயிற்றே, பின்னால் குழந்தை பிறக்காதோ என்று கலங்காதீர்கள். நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பிவிடும். இந்த நோயை அடியோடு போக்க மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கலாம். வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் சிலருக்குத்தான் வேண்டியிருக்கும்.

கல்யாணம் இதற்கு மருந்தே இல்லை. பிள்ளைப்பேறும் நோயைத் தீர்ப்பதில்லை. திடீரென்று தாங்கமுடியாத வலி, மயக்கம், காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு நீங்கள் இன்னும் அந்த வலியோடுதான் மேடேறுகிறீர்களா? அப்படியென்றால் மகளோடு போகும்போது உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.