காம்பியா ஆறு: அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

காம்பியா ஆற்றைப் பார்க்கப் போகலாமா, அங்குள்ளவர்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா நாடே இந்த ஆற்றின் இரு கரையும் சேர்ந்ததுதான்; அகலம் 50 கிலோமீட்டரைத் தாண்டாது.

தலைநகர் பாஞ்சுலிலிருந்து எதிர்க்கரை பர்ராவுக்குப் ஃபெர்ரி உண்டு. ஆடு, மூட்டை, லாரி, மனிதர்கள் எல்லாம் ஒரே தளத்தில். கூட்டம் இருக்கும், அவசர வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆற்றில் இன்னும் உள்ளே போனால், ஃபராஃபென்னி என்ற ஊர்ப் பக்கம் 2019-இல் பாலம் வந்துவிட்டது.

கழிமுகத்தில் கடல்நீர் வெகுதூரம் உள்ளே ஏறும். அதனால் அங்கே அலையாத்திக் காடுகள்தான். நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் சிறு தோணியில் போய், வேர்களில் கொத்தாக ஒட்டியிருக்கும் சிப்பிகளைக் கத்தியால் வெட்டியெடுப்பார்கள். ஓடு கையைக் கிழித்துவிடும், சாதாரண வேலை இல்லை. சதையை வேகவைத்து விற்பார்கள். ஓட்டைச் சுட்டால் சுண்ணாம்பு.

உப்பு எட்டாத மேற்பகுதியில் நெல் விளைகிறது, அதிலும் பெண்கள் உழைப்பே அதிகம். நீர்யானையும் அங்கேதான். அப்புறம், அடிமை வணிகத்தின் சுவடுகள் உள்ள குந்தா கிந்தே தீவை விட்டுவிடாதீர்கள். நவம்பரிலிருந்து மழை இருக்காது, அப்போது போங்கள்.