யாரு பாத்தது, மிஸ்?

அன்புள்ள சார்,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு அணு அமைப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் உட்கரு, சுற்றிலும் எலக்ட்ரான் என்று போர்டில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவி எழுந்து, "இத யாரு பாத்தது, மிஸ்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "விஞ்ஞானிங்க பாத்திருக்காங்க, உக்காரு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. மறுநாள், ஐபிஎம் ஆய்வகத்தில் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி எழுத்து எழுதிய படத்தை செல்போனில் காட்டினேன். "இது கிராபிக்ஸ் மிஸ்" என்றாள். அணுவைத் துளைத்து ஏழு கடலைப் புகட்டியதாக ஔவையாரே பாடியிருக்கிறார், நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் தெளியவில்லை.

எங்கள் பள்ளியில் தனி ஆய்வகம் கிடையாது. ஒரு மைக்ரோஸ்கோப் உண்டு, அது ஹெச்.எம். அறை பீரோவில் பூட்டியிருக்கிறது. போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரம் வேறு. அணு நிஜம்தான் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு நல்ல வீடியோவோ, தமிழில் ஒரு நல்ல புத்தகமோ சொல்ல முடியுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

வீட்டுக்குப் போயும் மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரியில் 'உக்காரு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை என்னால் சும்மா விட முடியாது.

நாற்பது பேர் சிரிக்கும் வகுப்பில் ஒரு பெண் தனியாக எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் கேட்ட கேள்வி அது. ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் விமானத்துக்கு மாக் 1, மாக் 2 என்று சொல்கிறோமே, அதே மாக். யாராவது அணுவைப் பற்றிப் பேச்செடுத்தால் "நீங்கள் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பாராம். வியன்னாவில் போல்ட்ஸ்மன், அணுக்கள் உண்டென்று வைத்து வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவர், 1897-இல் அறிவியல் கழகத்தில் பேசியபோது, மாக் எல்லார் முன்னிலையிலும் "அணு இருக்கிறது என்று நான் நம்பவில்லை" என்று சொன்னார். வேதியியலில் பெரிய ஆளான ஓஸ்ட்வால்டும் அந்தக் கட்சிதான். இவர்கள் யாரும் மக்குகள் கிடையாது. டால்ட்டன் அணுக் கொள்கையைச் சொல்லி ஏறக்குறைய நூறு வருஷம் ஆன பிறகும் அறிவாளிகள் இப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் மாணவி அந்த வரிசையில் எழுந்து நிற்கிறாள். அவளைப் போய் உட்காரச் சொன்னீர்களே!

ஔவையார் விஷயம். அது திருக்குறளைப் புகழ்ந்த பாட்டு. தமிழ் வகுப்பில் அனுபவித்து நடத்த வேண்டியது. அறிவியல் வகுப்பில் அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஐபிஎம் படத்தையும் ஒதுக்கி வையுங்கள். 1989-இல் 35 செனான் அணுக்களைக் கொண்டு எழுதியது, அருமையான வேலை. ஆனால் அதற்குப் பயன்பட்ட கருவி, ஊசிமுனையைத் தொடாமல் மேலே நகர்த்தி நகர்த்தி எடுத்த அளவுகளைக் கம்ப்யூட்டர் படமாக்கிக் கொடுக்கிறது. ஆகவே உங்கள் மாணவி 'கிராபிக்ஸ்' என்றதில் பாதி நியாயம் இருக்கிறது. அதோடு, இந்தப் படம் வருவதற்கு எண்பது வருஷம் முன்பே அணு உண்டா இல்லையா என்ற வழக்கு தீர்ந்துவிட்டது. யாரும் எதையும் பார்க்காமலே தீர்ந்தது. எப்படி என்பதைத்தான் நம் பாடப்புத்தகம் சொல்வதில்லை. சில வாரங்களாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

எனக்கு வேதியியல் எடுத்த வாத்தியார் ஒருநாள் காலையில் எங்களைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். கையில் வீட்டுக் கடலை எண்ணெய், ஒரு டீஸ்பூன். லேசான காற்று, குளமெங்கும் பொடி அலை. படித்துறையில் குனிந்து எண்ணெயைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லச் சரித்தார். அந்த இடத்தில் அலை படுத்தது. வழுவழுப்பான ஒரு வட்டம் உருவாகி, நாங்கள் பார்க்கப் பார்க்க விரிந்துகொண்டே போனது. துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "குளிக்கிற தண்ணில எண்ணெய ஊத்துறீகளே, படிச்ச மனுசந்தானா?" என்று சத்தம் போட்டார். வாத்தியார் காதில் வாங்கவே இல்லை. கரையோரம் எட்டுவைத்து அளக்கச் சொல்லி எங்களை விரட்டினார். விரிந்துகொண்டே போன அந்த வழுவழுப்பு ஓரிடத்தில் நின்றது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் செய்த சோதனை இது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1774-இல் அதை எழுதி வெளியிட்டார். ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடிபோல் ஆக்கியது என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருந்தால் போதும், அவர் போடவில்லை. எங்கள் வாத்தியார் எங்களைப் போடவைத்தார்.

நீங்களும் போடவையுங்கள். ஒரு டீஸ்பூன் என்பது 5 கன சென்டிமீட்டர். அரை ஏக்கர், நம் கணக்கில் 50 சென்ட், ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். அதாவது 2 கோடி சதுர சென்டிமீட்டர். 5-ஐ 2 கோடியால் வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் கனம் வந்துவிடும். ஒரு சென்டிமீட்டரில் 40 லட்சத்தில் ஒரு பங்கு. நானோமீட்டரில் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சொன்னால் இரண்டரை. எட்டுவைத்து அளந்த அளவில் இரண்டு மடங்கு பிழை இருக்கட்டுமே, மூன்று மடங்கே இருக்கட்டும். அப்போதும் விடை நானோமீட்டரை விட்டு ஓடிவிடாது.

கணக்கு முடிந்ததும் எங்களில் ஒருவன், "அதுக்கு மேல ஏன் சார் பரவல?" என்று கேட்டான். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அவர் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான் என்று முகத்திலேயே தெரிந்தது. எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் மெலியக்கூடிய பொருள் என்றால் பரவிக்கொண்டே போயிருக்க வேண்டும். நிற்கிறது. ஏதோ ஓர் அளவுக்குக் கீழே மெலிய அதற்கு வழியில்லை. ஏனென்றால் அது துண்டுகளால் ஆனது, அந்தத் துண்டுக்கு ஓர் உயரம் இருக்கிறது. அந்த உயரத்தைத்தான் நாங்கள் வகுத்துக் கண்டுபிடித்திருந்தோம். அது மூலக்கூறு, அணு அல்ல என்பதையும் உடனே சொன்னார். நீங்களும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதைக் குளத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண்ணைப் பற்றி உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊர்க்காரர். அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கவில்லை. வீட்டில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, சமையலறையில் தகரத் தொட்டி ஒன்றில் விளிம்பு மட்டும் தண்ணீர் நிரப்பி, மேற்பரப்பைத் தகரப் பட்டையால் தள்ளித் தள்ளி, எண்ணெய்ப் படலம் தண்ணீரின் பரப்பு இழுவிசையை எப்படி மாற்றுகிறது என்று வருஷக்கணக்கில் அளந்தார். 1891 ஜனவரியில் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். மார்ச்சில் அச்சில் வந்துவிட்டது. ஒரு கடிதத்தை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு ராலேதான் முன்னுதாரணம்.

சரி, வழக்கை முடித்து வைத்தவருக்கு வருகிறேன். பாரிஸில் ழான் பெரன் என்ற இயற்பியலாளர், 1908. பெரும்பாலான ஆசிரியர்களுக்கே தெரியாத கதை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறினால் காற்று மெலியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 5 கிலோமீட்டர் போல ஏறினால் ஆக்சிஜன் பாதியாகிவிடும். பெரன் இப்படி யோசித்தார்: காற்று மூலக்கூறுகளால் ஆனது, அவை ஓயாமல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இருப்பதால்தான் தரையில் விழுந்து படிந்துவிடாமல் மேலே நிற்கின்றன என்றால், மைக்ரோஸ்கோப்பில் தெரியும் அளவுக்குப் பெரிய துகளைத் தண்ணீரில் விட்டாலும் அதே விதிதான் செல்ல வேண்டும். கனமான துகள் என்பதால் 5 கிலோமீட்டர் வேண்டியதில்லை, மிகச் சிறிய உயரத்திலேயே பாதியாகிவிடும்.

துகளுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஓவியர்களின் மஞ்சள் சாயமான கம்போஜ். நம் மீன்குழம்புக்குப் போடும் குடம்புளி இருக்கிறதே, அந்த இனத்து மரத்தின் பிசின். தண்ணீரில் தேய்த்தால் உருண்டைத் துகள்களாகப் பிரியும். எல்லாத் துகளும் ஒரே அளவில் வேண்டும் என்பதற்காக ஒரு கிலோ கம்போஜை மாதக்கணக்கில் சுழற்றிச் சுழற்றிப் பிரித்து, கடைசியில் ஒரு கிராம்கூடத் தேறாத அளவுக்குத்தான் எடுத்தார். ஆழம் வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ள கண்ணாடிப் பள்ளத்தில் அதை விட்டு, மைக்ரோஸ்கோப்பை ஒவ்வொரு மட்டமாகக் குவித்து எண்ணினார். ஆடிக்கொண்டே இருக்கும் துகளை எண்ணுவது லேசில்லை. கண்ணருகு லென்ஸில் ஊசித்துளை போட்ட தகடு ஒன்றை வைத்து, ஒரு சமயத்தில் நாலைந்து துகள் மட்டும் தெரியும்படி செய்துகொண்டார். பார்த்த மாத்திரத்தில் எண்ணலாம். இப்படி ஒரு வரிசைக்கு மட்டும் ஏறக்குறைய 13,000 துகள்கள்.

வந்த எண்களைப் போர்டில் எழுதுங்கள். அடியிலிருந்து 5 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயரத்தில் 100 துகள் என்று வைத்துக்கொண்டால், 35-இல் 47, 65-இல் 23, 95-இல் 12. எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். 30 மைக்ரானுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அப்புறம் மறுபடியும் ஒரு வகுத்தல். ஆக்சிஜன் பாதியாக 5 கிலோமீட்டர், கம்போஜ் பாதியாக 30 மைக்ரான். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 17 கோடி. தண்ணீர் தாங்கும் எடையைக் கழித்தால், கம்போஜ் துகள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைவிட இத்தனை மடங்கு கனம். துகளின் எடை பெரனுக்குத் தெரியும். ஆக, யாரும் பார்த்திராத ஒன்றை எடை போட்டாயிற்று, ஒன்பதாம் வகுப்புக் கணக்கை வைத்து. அத்தோடு அவர் விடவில்லை. வானம் நீலமாக இருப்பதிலிருந்து, கதிரியக்கத்திலிருந்து, சூடான பொருளின் ஒளியிலிருந்து என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வழிகளில் கிடைத்த அவகாட்ரோ எண்களையும் (ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் எண்) பக்கத்தில் வைத்துக் காட்டினார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். இல்லாத ஒன்றை இத்தனை பேர் இத்தனை பக்கத்திலிருந்து எண்ணினால் விடை எப்படி ஒத்துப்போகும்? ஓஸ்ட்வால்ட் 1909-இல் வந்த தன் பாடநூல் பதிப்பின் முன்னுரையில் அணுக் கொள்கையை ஏற்றுக்கொண்டு எழுதினார். போல்ட்ஸ்மன் அதைப் பார்க்கவில்லை. 1906-லேயே போய்விட்டார்.

இந்தச் சண்டையைச் சொல்லாமல், இந்த எண்களைக் காட்டாமல், 'அணு என்பது பொருளின் மிகச் சிறிய துகள்' என்று கோடிட்ட இடத்தை நிரப்பவைக்கிறோம். பிள்ளைகளும் நிரப்பிவிட்டு மறந்துபோகிறார்கள். புரியாதது குற்றமா? நமக்கே எப்படித் தெரிந்தது என்று சொல்லாமல் அவர்களை நம்பச் சொல்கிறோமே, அதுதான் குற்றம். போர்ஷன் என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். மேலே சொன்ன இரண்டு கணக்குக்கும் சேர்த்து இரண்டு பீரியட் போதும்.

வீடியோ கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு சொட்டுப் பால் போதும். பாக்கெட் பாலில் 'ஹோமோஜினைஸ்டு' என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, கொழுப்புத் துளி பொடியாக இருக்கும். பாலைத் தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து, ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடி, ஓரத்தை வாஸலின் தடவி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் காயக் காய எல்லாம் ஒரே பக்கமாக ஓடும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள். 40 லென்ஸைப் போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரிய துளிகள் சும்மா இருக்கும். பொடித் துளிகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடித்துக்கொண்டிருக்கும், நிற்கவே நிற்காது. பார்த்ததும் "உயிரோட இருக்கு மிஸ்" என்பார்கள். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனுக்கும் 1827-இல் முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. அதைத் தீர்க்கக் கண்ணாடித்தூள், எகிப்து ஸ்ஃபிங்ஸ் சிலையின் துணுக்கு என்று உயிரில்லாதவற்றையும் போட்டுப் பார்த்தார், அவையும் ஆடின. இன்னொன்று, அவர் மகரந்தத்தூள் ஆடியதைப் பார்த்தார் என்று பல புத்தகங்களில் இருக்கும். தப்பு. மகரந்தத்தூள் பெரிது, அப்படி ஆடாது. அதன் உள்ளே இருந்த நுண்துகள்கள்தான் ஆடின. போர்டில் சரியாக எழுதுங்கள்.

அந்தத் துளிகளை எது தள்ளுகிறது என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். ஒருநாள், இரண்டு நாள் போகட்டும்.

முதலில் மைக்ரோஸ்கோப் வேண்டும். நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ஹெச்.எம்.மிடம் போய்ப் பீரோ சாவியைக் கேளுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பார். நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள். அப்போதும் தராவிட்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், அவருக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். ஸ்லைடு ரெடியானதும் கண்ணை வைத்து முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெண். மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும்.