க்ரேட் எஞ்சின் மாற்றும்போது இன்டேக், எரிபொருள் பாகங்களை எப்படித் தேர்வு செய்வது?

பழைய கார்பரேட்டர் கார் ஒன்றில் ஜிஎம் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எல்எஸ்3 க்ரேட் எஞ்சின், அதாவது தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டிப் பெட்டியில் வரும் எஞ்சின், ஏற்றப் போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். எந்த மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்), எத்தனை மில்லிமீட்டர் த்ராட்டில் பாடி (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு), எவ்வளவு பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) என்பது கேள்வி. நான் இதைத் தலைகீழாகத்தான் ஆரம்பிப்பேன். முதலில் டேங்க், மேனிஃபோல்டு கடைசியில்.

காரணம் இதுதான். 6.2 லிட்டர் எல்எஸ்3, தன்னோடு வரும் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர்களை வைத்தே 430 குதிரைத்திறன் தருகிறது. அந்தப் பாகங்களை ஒன்றுக்கொன்று பொருத்திச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் காரின் டேங்கும் லைனும் கார்பரேட்டருக்காகச் செய்தவை. 6, 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் அவற்றுக்குப் போதும். இந்த எஞ்சின் கேட்பது 58 பிஎஸ்ஐ. இடைவெளி இருப்பது இங்கேதான். மேனிஃபோல்டில் தேடும் பத்துப் பதினைந்து குதிரைத்திறனை விட இது முக்கியம்.

பழைய டேங்குக்குள் தடுப்புத் தகடு பெரும்பாலும் இருக்காது. இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய ஒரு நண்பரின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அழுத்த மீட்டரைக் கவனித்திருக்கிறேன். டேங்கில் கால் பங்கு பெட்ரோல். நீளமான வளைவில் பெட்ரோல் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்க, 58-இல் நின்ற அளவு 30-க்குச் சரிந்தது, எஞ்சின் திணறியது. ரோடு நேரானதும் மறுபடி 58. கார்பரேட்டராக இருந்தால் அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்தச் சில நொடிகளைத் தாங்கிவிடும். இன்ஜெக்ஷனில் அந்தக் கையிருப்பு கிடையாது. முழு த்ராட்டிலில் இது நடந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டனே போய்விடும். அதனால் தடுப்பு அறையும் உள்பம்பும் கொண்ட டேங்கை வாங்குங்கள், அல்லது இருக்கும் டேங்கில் அப்படி ஓர் அமைப்பைப் பொருத்துங்கள். வெளியே சேஸில் மாட்டும் பம்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மின்பம்பு தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் பலவீனம். டேங்குக்குள் இருந்தால் பெட்ரோலே அதைக் குளிரவும் வைக்கும், சத்தமும் குறையும்.

பம்பின் அளவுக்குக் கணக்கு எளிது. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று வையுங்கள். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இருந்தால் 0.6-க்கு மேல். பெரிய கேமோடு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வரும் 480 குதிரைத்திறன் எல்எஸ்3 என்றாலும் மணிக்கு 240 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 147 லிட்டர். 255 லிட்டர் பம்பு தாராளம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். அழுத்தம் ஏற ஏற, வோல்டேஜ் இறங்க இறங்க அது குறையும். பழைய ஒல்லி வயரில் பம்பை ஓட்டாமல், பேட்டரியிலிருந்து தடித்த வயர், ஃப்யூஸ், ரிலே போடுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்பின் முனையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வயரிங்கில் குறையைத் தேடுங்கள். ரிலேயை ஈசியூ, அதாவது எஞ்சினின் கணினி, கட்டுப்படுத்தட்டும், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்.

அழுத்தத்துக்கு, ரெகுலேட்டரும் ஃபில்டரும் ஒன்றாக இருக்கும் கார்வெட் சி5 வகை ஃபில்டர் நல்ல தீர்வு. 58 பிஎஸ்ஐ-க்கு அதுவே கட்டுப்படுத்தும். மிச்சம் அங்கிருந்தே டேங்குக்குத் திரும்பிவிடும், எஞ்சினுக்கு ஒரே ஒரு லைன் போனால் போதும். லைனுக்கு 3/8 அங்குலம் சரி. ஹோஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜெக்ஷனுக்கென்று குறித்த ஹோஸ், அதற்கேற்ற கிளாம்ப். கார்பரேட்டர் ரப்பர் ஹோஸ் 58 பிஎஸ்ஐ-இல் வெடித்தால் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல்தான் பீய்ச்சும்.

இன்ஜெக்டருக்கும் அதே கணக்குதான். 240-ஐ 8 சிலிண்டருக்கு வகுத்தால் 30 பவுண்டு. 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் சுமார் 38. எஞ்சினோடு வருபவை ஏறக்குறைய 42 பவுண்டு. மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த) எரிபொருள் போடுவதாக இருந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கணக்குப் போடுங்கள், பம்புக்கும் சேர்த்து.

இப்போது இன்டேக். மேனிஃபோல்டைத் தீர்மானிப்பது, எஞ்சினை எந்த ஆர்பிஎம்-இல் அதிகம் ஓட்டுவீர்கள் என்பதுதான். நீளமான ரன்னர் (மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போகும் குழாய்) கீழேயும் நடுவிலும் இழுவை தரும், குட்டை ரன்னர் உச்சியில் தரும். ரோட்டில் ஓடும் காருக்கு எல்எஸ்3-இன் சொந்த மேனிஃபோல்டை மாற்றச் சொல்லவே மாட்டேன். மாற்றியே தீருவீர்கள் என்றால் போர்ட்டை, அதாவது சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் துளையின் வடிவத்தைப் பாருங்கள். எல்எஸ்3-க்குச் செவ்வகப் போர்ட். எல்எஸ்1, எல்எஸ்2, எல்எஸ்6 எல்லாம் உயரமாக ஒடுங்கிய கதீட்ரல் போர்ட். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது. 90 மில்லிமீட்டர் வாயுள்ள மேனிஃபோல்டில் 102 த்ராட்டில் பாடி வைப்பதும் வீண். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்பதால் பெடல், த்ராட்டில் பாடி, ஈசியூ மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

கார்பரேட்டரே வேண்டும் என்றாலும் தப்பில்லை. எஞ்சினின் 376 கன அங்குலத்தை (6.2 லிட்டர்) 6500 ஆர்பிஎம்-ஆல் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் சுமார் 707 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). 750 போதும், அதற்கும் மேலே போனால் கீழ் ஆர்பிஎம்-இல் மந்தம்தான்.

பலர் கோட்டைவிடுவது ஏர் ஃபில்டர் இடத்தை. ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்த கோன் ஃபில்டர் வைத்தால் சூட்டைத்தான் உறிஞ்சும். 30 டிகிரிக் காற்றை விட 60 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. எந்த மேனிஃபோல்டும் அதை ஈடுகட்டாது. ஃபில்டரைத் தடுப்புப் பெட்டியில் அடைத்து, கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டு வாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை வளைவை ஒட்டி வைக்காமல் நேரான குழாயில், ட்யூனிங் செய்த அதே விட்டத்தில் வையுங்கள்.

அப்புறம், உயரம். மேனிஃபோல்டை ஆர்டர் போடும் முன்பே, எஞ்சினை மவுண்ட்டில் உட்கார வைத்து, மேலே நாலைந்து இடத்தில் மாடலிங் களிமண் உருண்டைகளை ஒட்டி, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கி மிஞ்சும் களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடம். எஞ்சின் ஆக்சிலரேஷனில் மவுண்ட்டில் சாய்ந்து எழும் என்பதால் ஒரு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் உயரமான பிக்கப் வகை மேனிஃபோல்டை மறந்துவிடுங்கள்.